போடியாரின் சோத்துக் கை

என் வேலையில் பாதி கக்கூஸில்தான் நடக்கிறது. இதைக் கலியாண வீடுகளில் சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவர் “தம்பி என்ன செய்றீங்க?” என்று கேட்டால், “ஆஸ்பத்திரியில” என்று சொல்லிவிட்டு வட்டிலப்பத்தைப் பார்ப்பேன். விடாமல் துருவுகிறவர்களுக்கு, தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர் என்ற முழுப் பட்டத்தையும் சொல்வேன். அதைக் கேட்டதும் அவர்கள் தங்கள் மகனுக்கு ஒரு தொழில் பார்த்துத் தரச் சொல்லி அவனுடைய போன் நம்பரைத் தருவார்கள்.

உண்மையில் செய்வது இதுதான். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள், கை நசுங்கியவர்கள், விரல் போனவர்கள் எங்களிடம் வருவார்கள். பல் துலக்க, சட்டை போட, சாரன் கட்ட, சோறு தின்ன, தின்றதை வெளியேற்றிவிட்டுக் கழுவ, எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக்க வேண்டும். எங்கள் மிஸ்தான் படித்த சிகிச்சையாளர். அவர் ஆளைச் சோதித்துத் திட்டம் போடுவார். அந்தத் திட்டத்தோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவது நான். கரையோர றோட்டில் எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்க வேண்டாம், இன்னும் அங்கேதான் குப்பை கொட்டுகிறேன்.

போடியார் எங்களிடம் வந்தது இப்படித்தான். மாவடிப்பள்ளிப் பக்கம் அவருக்கு நிறைய வயல். ஒரு வரம்பில் நின்று கூப்பிட்டால் வயல்வட்டையின் அடுத்த முனையில் நிற்பவன் மண்வெட்டியைக் கீழே போடுவானாம். அந்த மனிதரின் மூளையில் ஓர் இரத்தக்குழாய் அடைத்து இடது கை, இடது கால் இரண்டும் சோர்ந்துபோயின. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, மூன்றாம் மாதம் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கினார். கை மட்டும் அவருடைய மடியில் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: “அல்ஹம்துலில்லாஹ், வலது கை தப்பிட்டுதே!”

நானும் அதையேதான் சொன்னேன். என் முட்டாள்தனம் அங்கே தொடங்கியது.

எங்கள் சிகிச்சை அறை ஒரு காலத்தில் களஞ்சிய அறையாக இருந்தது. அங்கே யாரோ அன்பளிப்பாகத் தந்த மஞ்சள், சிவப்பு, பச்சைப் பிளாஸ்டிக் கூம்புகள் இருக்கின்றன. ஒரு மேசையிலிருந்து எடுத்து அடுத்த மேசையில் அடுக்க வேண்டும். முதல் நாள் போடியாருக்கு அதைக் கொடுத்தேன். அவர் கூம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, இத இங்கிருந்து அங்க வெச்சா, மறுகா என்ன நடக்கும்?”

“மறுகா அங்கிருந்து இங்க வைக்கணும், போடியார்.”

“இதுக்கு நீ படிச்சயா?”

“ஓம்.”

“உங்கட வாப்பா பாவம்” என்றார்.

ஆனாலும் கெட்டிக்காரர். ஒரு கையால் பொத்தான் போடப் பத்து நாளில் பழகிவிட்டார். பழகும்போது என்னையும் பொத்தானைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்து ஏசினார். ஏசுகிற நோயாளி கெதியாகத் தேறுவார் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு, எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிறகு கழுவுகிற பாடம். எங்களிடம் இருந்த பயிற்சிப் படத்தில் ஒரு வெள்ளைக்காரர் சந்தோசமாகக் கொமட்டில் உட்கார்ந்து, நல்ல கையால் பின்பக்கம் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து நான் கதிரையில் உட்கார்ந்து, காற்சட்டைக்கு மேலே ஒரு துணியால் செய்து காட்டினேன். வலது கையால். போடியார் ஒன்றும் பேசவில்லை. நான் படிவத்தில், “மலம் கழித்தபின் சுத்தம்: நல்ல கையால் தானே செய்வார்” என்ற கட்டத்தில் பெரிய சரி ஒன்று போட்டேன். எதற்கெடுத்தாலும் ஏசுகிற மனிதர் அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிடாமல் போனார்.

முதலில் அவருடைய பச்சை இடுப்பு வாரில் தெரிந்தது. கட்டுகிற ஓட்டை ஒன்று உள்ளே போயிற்று. பிறகு இன்னொன்று. மூன்றாவது ஓட்டையை மருமகன் ஆணியால் குத்திக் கொடுத்தார். வைத்தியர் தொண்டையைச் சோதித்தார், விழுங்குவதில் குறையில்லை. இரத்தம் சோதித்தார். மனச்சோர்வு என்று ஒரு குளிசை எழுதினார். மகள் கண்ணூறு என்று தண்ணீர் ஓதி வாங்கிவந்தாள். போடியாருக்குச் சீனி வருத்தமும் உண்டு. வெறும் வயிற்றில் சீனிக் குளிசையைப் போட்டுவிட்டு ஒரு நாள் காலையில் முற்றத்தில் மயங்கி விழுந்தார். இப்படியே போனால் மூக்கால் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும், இன்னொரு தரம் சீனி இறங்கினால் ஆள் தப்புவது கடினம் என்று வைத்தியர் மகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மகள் என் அறைக்கு வந்து அழுதாள். எனக்கு அழுகிறவர்களைக் கண்டால் கோபம்தான் வரும், என்ன செய்வதென்று தெரியாத கோபம். “நாளைக்கு வீட்ட வாறன்” என்றேன்.

வீடு மகளுடையது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் அதன் ஓர் ஓரமாக ஒதுங்குவார்கள். போடியாரின் மனைவி மௌத்தாகி இரண்டு வருடம். மகன்மாரில் மூத்தவர் மனைவியின் ஊரான அக்கரைப்பற்றில், இளையவர் கடல் கடந்து கட்டாரில். ஆகவே வீட்டில் இருக்கும் ஒரே ஆண் மருமகன். கணக்குப் படிப்பிக்கும் மாஸ்டர். மெலிந்தவர், மெல்லப் பேசுகிறவர். எங்கள் ஊர்களில் மருமகன் என்றால் லேசான ஆளில்லை. மாமனார் எழுபது வயதிலும் மருமகனை ‘நீங்க’ என்றுதான் சொல்வார். மருமகன் வருகிற சத்தம் கேட்டால் சட்டையைத் தேடுவார்.

மாஸ்டர் எனக்குப் பிளேன் டீ தந்து, காக்கா, அதாவது அண்ணன், என்று மரியாதையாகக் கூப்பிட்டு மாமனாரின் சாப்பாட்டுக் கதையைச் சொன்னார்.

“கிழமை முழுக்க ஒரு துண்டு ரொட்டி, காக்கா. தண்ணியும் கொஞ்சம்தான். ஆனா வியாழக்கிழமை பின்னேரம் தொடக்கம் வெள்ளி ஜும்ஆத் தொழுகை வரைக்கும் நல்லாத் திம்பார். ரெண்டு தரம் கேட்டு வாங்குவார்.”

“வெள்ளிக்கிழமை என்ன விசேசம்?”

“மாட்டிறைச்சி ஆக்குற. அதான் எண்டு நினைக்கிறம்.”

“போன வெள்ளியும் திண்டாரா?”

மாஸ்டர் யோசித்தார். “போன வெள்ளி இல்ல. இறைச்சி அப்படியே கிடந்த. அண்டைக்குப் பெரிய மச்சானும் வரல்ல. வியாழன் மத்தியானம் கோல் எடுத்து, அறுவடை, வரக் கிடைக்காது எண்டார்.”

“பெரிய மச்சான் வந்தா என்ன செய்வார்?”

“மாமாவக் குளிப்பாட்டி, கக்கூசுக்குக் கொண்டு போய், ஜும்ஆவுக்குக் கூட்டிப் போவார். மத்த நாள்ல எல்லாத்துக்கும் நான்தான்.”

டீ எனக்குப் புரைக்கேறியது. கூம்பு அடுக்கப் பழக்கிய மடையன், பொத்தான் போடப் பழக்கிய மடையன், காற்சட்டைக்கு மேலே வலது கையால் துடைத்துக் காட்டிய மகா மடையன், எல்லாரும் ஒரே ஆளாக அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தோம். நான் முஸ்லிம். மருதமுனையில் பிறந்து வளர்ந்தவன். என்னுடைய சோத்துக் கையால் நான் அதைச் செய்வேனா? சாகும்வரை மாட்டேன். மிஸ் வேறு சமயம், அவருக்குத் தெரியாவிட்டால் நியாயம் உண்டு. எனக்கு என்ன நியாயம்? ஒரு வெள்ளைக்காரரின் படத்தை நம்பி, என் உம்மா மூன்று வயதில் பழக்கியதை மறந்திருக்கிறேன்.

போடியார் முற்றத்தில் காயப்போட்ட நெல்லுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பால் கோழி விரட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன்.

“போடியார், நீங்க சாப்பிடாம இரிக்கிற பசியில்லாம இல்ல. போகாம இரிக்கத்தானே?”

கம்பு என் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் அவர் சொன்னதை எழுத முடியாது. என் வாப்பாவில் தொடங்கி ஆஸ்பத்திரி கட்டிய கொந்தராத்துக்காரன் வரை ஒருவரையும் விடவில்லை. மூச்சு வாங்கிய பிறகு குரல் இறங்கியது.

“ஆருக்கிட்டயும் சொல்லிராத, தம்பி. அந்த மனிசனுக்கு முன்னால நான் ஒரு நாளும் சட்டையில்லாம இரிந்ததில்ல. நானே போய்க் கேட்டு எடுத்த மாப்பிள்ள. இப்ப அவர்ட கையால...” நிறுத்தினார். “அவர் ஒண்டும் சொல்ற இல்ல. மூஞ்சியும் சுழிக்கிற இல்ல. ஏசினாலும் பரவாயில்லடா. திங்காட்டி அந்தச் சீரழிவு இல்ல.”

“நான் காட்டித் தந்தன்தானே, வலது கையால.”

“சோத்துக் கையாலயா?” அவர் அந்தக் கையை விரித்துப் பார்த்தார். “இந்தக் கைய எத்தின பேரோட ஒரு சகன்ல வெச்சுத் திண்டிரிக்கன்? ஆறு பேர் ஒரு தட்டச் சுத்தி இரிக்கக்குள்ள, மறுகா இதக் கொண்டு போய்ச் சோத்துக்குள்ள வைக்கச் சொல்றயா?”

“கழுவினாப் போகாதா? அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே.”

பள்ளிவாசல் ஹஸரத்திடம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அவர் ஏற்கனவே கேட்டிருந்தார். இயலாதவருக்கு வலது கை ஆகும் என்று ஹஸரத் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். “அவருக்கென்ன” என்றார் போடியார். “ரெண்டு கையும் நல்லாரிக்கி.”

மறுநாள் மிஸ்ஸிடம் போய், முதல் காரியமாக நான் போட்ட சரியை வெட்டினேன். ஏன் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்தது, சிரிப்பும் வந்தது, பிறகு இரண்டும் போய்விட்டன. “எனக்குக் கேட்கத் தோணேல்ல, உங்களுக்குமா?” என்றார். அதுதான் சுட்டது.

மருமகன் கொமட்டும், கழுவப் பீச்சியடிக்கும் பிடே பைப்பும் ஏற்கனவே பூட்டியிருந்தார். பைப்பைப் பிடிக்க ஒரு கை, கழுவ ஒரு கை வேண்டும். போடியாரிடம் இருப்பது ஒன்றுதான். ஆகவே கையே தேவைப்படாத ஒன்று செய்ய வேண்டும். பைப்பின் வாயைக் கொமட்டுக்குள்ளே நிலையாக இறுக்கி, தண்ணீர் சரியான இடத்தில் பலமாகப் படும்படி வைத்து, தண்ணீரைத் திறந்து மூடும் திருகை வலப்பக்கச் சுவரில் பூட்டுவது. மிஸ் சரி என்றார். படிவத்தில் அதற்கு என்ன பெயர் எழுதுவது என்று இரண்டு பேரும் யோசித்து, கடைசியில் ‘பைப்’ என்று எழுதினோம்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டரும் நானும் வேலையில் இறங்கினோம். போடியாரை மகள் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தாள். பரிசோதனைக்கு ஆள் வேண்டுமே, சாரன் ஒன்றைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். மாஸ்டர் பைப்பைத் திறந்தார். தண்ணீர் என் முதுகு வழியாக ஏறிப் பிடரியில் அடித்தது. மாஸ்டர் ‘மன்னிச்சுக்கங்க காக்கா’ என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரால் திருகினார். அடுத்த தரம் நான் எழுந்து பார்க்கப்போன நேரம் திறந்துவிட்டார். அது கூரையில் இருந்த பல்பை அணைத்தது. மூன்றாம் தரம் எங்கே பட்டது என்று சொல்லமாட்டேன், நான் கத்தியதில் பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

மாஸ்டர் உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பாகைமானியை எடுத்து வந்தார். நான் ஈரத்தோடு நடுங்க, அவர் முழங்காலில் நின்று கோணம் அளந்து, பென்சிலால் கொமட்டில் கோடு போட்டார். அப்படியே தலை நிமிராமல் பேசினார்.

“மாமா எனக்கு வெக்கப்படுறார் எண்டு தெரியும் காக்கா. அவர் திங்காம இரிக்கிற என்னாலதான் எண்டு நீங்க கேட்ட கேள்வியிலதான் விளங்கின.”

“நீங்க என்ன பிழை செஞ்ச?”

“செய்யாட்டி வேற ஆரு? ஆனா நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. கண்ண மூடிக்கிட்டுத்தான் கழுவுற. அவர் மத்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இரிப்பார். நான் மூடியிரிக்கன் எண்டு அவருக்குத் தெரியாது.”

இத்தனை வருடம் எத்தனையோ பேரைக் கழுவியிருக்கிறேன், ஒருவருக்காகவும் கண்ணை மூடத் தோன்றியதில்லை. “திறங்க பைப்ப” என்றேன். நாலாம் தரம் தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போனது. மாஸ்டர் பாகைமானியைக் கழுவாமல் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். பிடித்து வாங்கிச் சவர்க்காரம் போட்டுக் கொடுத்தேன்.

பிறகு பத்து நாள் பயிற்சி. கம்பை எங்கே சாத்துவது, உட்காருமுன் சாரனை ஒரு கையால் எப்படிச் சுருட்டி வாருக்குள் செருகுவது, இடது கையை மடியில் எப்படி வைப்பது, துவாயை எதில் கொழுவுவது. போடியார் சட்டையைக் கழற்றாமலே, வெறும் தண்ணீரில் எல்லாவற்றையும் பழகினார். இந்தப் பத்து நாளும் காலையும் மாலையும் ஒரு கோப்பை கஞ்சி குடித்தே ஆகவேண்டும் என்பது என் நிபந்தனை. சீனிக் குளிசையை வைத்தியர் பாதியாக்கினார்.

ஒரே ஒரு சண்டை மிஞ்சியது. கதவுக் கொண்டி. எங்கள் சட்டப்படி நோயாளி உள்ளிருந்து கொண்டி போடக் கூடாது. உள்ளே விழுந்தால் யார் திறப்பது?

“கொண்டி போடாத கக்கூசு, கக்கூசா?” என்றார் போடியார்.

“விழுந்தா?”

“விழுந்தா கதவ உடை. உங்கட மிஸ் ஏசினா நான் உடைச்ச எண்டு சொல்லு.”

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. முந்தின இரவே மகள் புட்டும் மீன் குழம்பும் கொடுத்து, அவர் எல்லாவற்றையும் தின்றிருந்தார். போடியார் கம்பை ஊன்றி உள்ளே போனார். கொண்டி விழும் சத்தம் கேட்டது. நான் கதவுக்கு வெளியே நின்றேன். மாஸ்டர் ஒரு மணித்தியாலம் லீவு போட்டுவிட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிளைக் கழுவுவதாகப் பாவனை செய்தார். மகள் குசினியில் ஒரே வெங்காயத்தை வெகுநேரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே சத்தமே இல்லை. பத்து நிமிடம். பதினைந்து. எனக்கு வியர்த்தது. கொண்டிக்கு ஒத்துக்கொண்ட என்னை நானே ஏசிக்கொண்டேன். கதவில் கை வைத்தேன். அப்போது பைப் திறந்தது. உடனே உள்ளிருந்து, “டேய், குளிருதுடா!” என்று ஒரு குரல் வட்டை அதிரும்படி கிளம்பியது. முற்றத்தில் வாளி விழுந்தது. தண்ணீர் நின்றது, திரும்ப ஓடியது, திரும்ப நின்றது. இன்னும் கொஞ்ச நேரம். கொண்டி தூக்கப்பட்டது.

சாரன் முன்பக்கம் ஈரம், வார் கோணல். முகத்தில் மட்டும், வரம்பில் நிற்கிற பழைய போடியார்.

“சோறு போடு புள்ள” என்றார் மகளிடம். “சகன்ல போடு.”

மகள் அலுமாரிக்கு மேலே இருந்த பெரிய தட்டை இறக்கினாள். பாய் விரித்தாள். நான் நழுவப் பார்த்தேன், “இரி” என்றார். அவரும் மாஸ்டரும் நானும் ஒரு தட்டைச் சுற்றி இருந்தோம். பகல் பதினொரு மணிக்குச் சோறு. போடியார் பிஸ்மி சொல்லி, அந்த வலது கையைச் சோற்றுக்குள் வைத்தார். பெரிய இறைச்சித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, தட்டைக் கடந்து மருமகனின் பக்கத்தில் வைத்தார்.

மூன்று கவளம் தின்றார். நாலாவதைப் பிசைந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“நான் மௌத்தானா, மையத்தக் குளிப்பாட்டக்குள்ள நீங்களும் நில்லுங்க மருமகன். மகன்மார் வரப் பிந்தினாப் பார்த்துக்கிட்டு இரிக்க வேணாம், நீங்களே கழுவுங்க. அதுவரைக்கும் எனக்கு இந்தப் பைப்பு போதும்.”

மாஸ்டரின் கை சோற்றில் நின்றுவிட்டது. குனிந்த தலையோடு, “ஓம் மாமா” என்றார்.

“அண்டைக்குக் கண்ணத் திறந்துக்கிட்டுக் கழுவுங்க” என்றார் போடியார். “காலுக்கிடையில நெல்லுமணி ஒட்டியிரிக்கும்.”